பேய் என்று கையெழுத்திட்டவள்: காரைக்கால் அம்மையாரும் கடவுள் தந்த பலமும்

துன்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு நம் குடும்பங்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "சாமியைக் கும்பிடும்மா, தாங்கிக்கிற சக்தியை அவர் கொடுப்பார்." மாமியார் சொன்னாலும் பெற்ற தாய் சொன்னாலும் வாக்கியம் மாறுவதில்லை. இதில் நம் கவனத்துக்கு உரிய சொல் 'தாங்கிக்கிற' என்பது. எதைத் தாங்குவது, யாருக்காகத் தாங்குவது, எத்தனை காலம் தாங்குவது என்ற கேள்விகள் எழாதபடி அந்தச் சொல் வாசலில் காவல் நிற்கிறது.

இந்த ஆறுதலுக்குத் தமிழ்ப் பெண்ணியம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. பெண்ணை வீட்டுக்குள் பூட்டிய சங்கிலியில் கடவுளும் ஒரு கண்ணி என்பது பெரியார் வழியில் வந்த பதில். ஆண்டாளும் அக்கமகாதேவியும் காரைக்கால் அம்மையாரும் இல்லறத்தின் கட்டை மீறிப் பாட வந்தது பக்தியின் துணையால்தான், எனவே பக்தி பெண்ணுக்கு ஒரு திறப்பு என்பது இரண்டாவது பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 'கடவுள் தந்த பலம்' எல்லா இடத்திலும் ஒரே சரக்கு என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு பெண்ணுக்குப் பலம் எந்த இடத்தில் தேவைப்பட்டது, அந்தப் பலத்தைக் கொண்டு அவள் என்ன செய்தாள், யாருக்கு அது பயன்பட்டது என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கேட்பதற்குக் காரைக்கால் அம்மையாரைவிட நல்ல இடம் நம் இலக்கியத்தில் இல்லை. ஏனென்றால் அவரைப் பற்றி ஓர் ஆண் எழுதிய கதையும் நம்மிடம் இருக்கிறது. அவரே எழுதிய பாடல்களும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை.

கதையில் இல்லாத ஒரு வாக்கியம்

கதையை நமக்குத் தந்தவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரியபுராணத்தில் 66 பாடல்களில் அம்மையாரின் வரலாறு வருகிறது. காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவளை மணம் முடித்து, காரைக்காலிலேயே தனிக்குடித்தனம் வைக்கிறார்கள். ஒருநாள் கணவன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு மாம்பழத்தை வைத்து அவருக்குச் சோறிடுகிறாள். நண்பகலில் கணவன் வருகிறான். மீதிப் பழத்தை உண்கிறான். சுவையாக இருக்கிறது, மற்றதையும் கொண்டுவா என்கிறான்.

தமிழகத்தில் எல்லோருக்கும் தெரிந்த அற்புதம் இந்த இடத்தில் நிகழ்கிறது. அவள் உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு பழம் வருகிறது. முந்தியதைவிடச் சுவையான பழம்.

இந்த அற்புதத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த வீட்டை மட்டும் பார்ப்போம். அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "பசித்து வந்தவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டேன்." அதில் பாவம் இல்லை. விருந்தோம்பல் மனைவியின் கடமை என்று வலியுறுத்திய சமூகம்தான் அது. பரமதத்தனும் கொடியவன் அல்லன். புராணத்தில் அவன் கை ஓங்குவதில்லை, குரல் உயர்த்துவதுமில்லை. இருந்தும் அவ்வளவு எளிய வாக்கியம் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று சேக்கிழார் விளக்குவதும் இல்லை. விளக்கத் தேவையில்லாத அளவுக்கு அது இயல்பு. கணவன் அனுப்பிய பழம் கணவனுடையது. அதில் ஒன்றைத் தன் விருப்பப்படி கொடுத்தேன் என்று சொல்வதற்கு மனைவியிடம் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் அற்புதம் வந்து நிற்கிறது.

'பலவீன நேரத்தில் கடவுள் பலம் தந்தார்' என்பதன் மிகத் துல்லியமான சித்திரம் இது. புனிதவதியின் பலவீனம் அவளுடைய மனத்திலோ உடலிலோ இல்லை. ஒரு மாம்பழத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் அவளை வைத்திருக்கும் வீட்டில் இருக்கிறது. கடவுள் அந்த வீட்டை மாற்றவில்லை. அந்த நண்பகலை மட்டும் கடத்திவிடுகிறார்.

அதுவும் நீடிக்கவில்லை. சுவை வேறாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று கணவன் கேட்கிறான். அருளை வெளியே சொல்லக் கூடாது. கணவன் கேட்டதை மறைப்பதும் கற்புக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் அவள் நடுங்குவதைச் சேக்கிழார் காட்டுகிறார். கடைசியில் வெல்வது கணவனின் கேள்வி. அவள் உண்மையைச் சொல்கிறாள். அவன் நம்பவில்லை, அப்படியானால் இன்னொரு பழம் வருவித்துக் காட்டு என்கிறான். அவள் வேண்ட, பழம் வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. அந்த நொடியில் அவன் மனைவி அவனுக்கு மனுஷியாகத் தெரியாமல் போகிறாள்.

வணங்கிக் கைவிடுதல்

அடுத்து நடப்பதைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பரமதத்தன் அஞ்சுகிறான். யாரிடமும் சொல்லாமல் மனத்தளவில் பிரிந்துவிடுகிறான். கடல் வாணிகம் போவதாகச் சொல்லிக் கப்பலேறிப் பொருள் ஈட்டி, பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் இறங்கி, அங்கே வேறொரு வணிகர் மகளை மணந்துகொள்கிறான். ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. அதற்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான்.

செய்தி அறிந்த உறவினர்கள் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அழைத்துப்போகிறார்கள். அவன் புது மனைவியோடும் குழந்தையோடும் எதிரே வந்து, முதல் மனைவியின் காலில் விழுகிறான். இவர் மானுடப் பெண் அல்லர், தெய்வம். நீங்களும் வணங்குங்கள் என்று சுற்றத்தாரிடம் சொல்கிறான்.

ஒரு பெண்ணைக் கைவிடுவதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்க முடியாது. அடித்துத் துரத்தினால் ஊர் கேள்வி கேட்கும். காலில் விழுந்தால் யார் கேட்பது? தெய்வத்தோடு குடித்தனம் நடத்த முடியாது என்பதை எந்தப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளும். மனைவியிடம் பேச வேண்டியிருந்ததை எல்லாம் அந்த ஒரு வணக்கத்தில் அவன் முடித்துக்கொள்கிறான். 'பெண் சக்தியின் வடிவம்' என்று மேடையில் பேசி, அதே சக்தி சம்பளத்தைப் பற்றியோ சொத்தைப் பற்றியோ வாய் திறந்தால் முகம் சுளிக்கிறவர்களை நாம் இன்றும் பார்க்கிறோம். அவர்களுக்குப் பரமதத்தன் முன்னோடி.

நடுத்தெருவில், உறவினர் முன்னால், கணவன் காலடியில் கிடக்கும்போது புனிதவதி இறைவனிடம் கேட்கிறாள்: இவனுக்காகச் சுமந்த இந்த அழகுத் தசையை எடுத்துவிடு, உன் திருவடியைப் போற்றும் பேய்களின் வடிவத்தைக் கொடு. தசை உதிர்கிறது; எலும்புருவாகிறாள். பின்பு தலையால் நடந்து கயிலைக்குப் போகிறாள். அங்கே சிவன் அவளை அம்மையே என்று அழைக்கிறார். திருவாலங்காட்டில் தன் ஆடலின் கீழிருந்து பாடும் வரத்தைத் தருகிறார்.

பெண்ணிய வாசிப்புகள் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகின்றன. ஆணின் பார்வைக்கு இரையான உடலை அவள் தானே தூக்கி எறிந்தாள், இது கலகம் என்பது ஒன்று. விடுதலைக்கு விலையாகத் தன் உடலையே கொடுக்க வேண்டியிருந்தது, இது தோல்வி என்பது மற்றொன்று. திருமணத்திலிருந்து தப்ப ஔவையார் முதுமையை வரமாகக் கேட்டதாகச் சொல்லும் கதையையும் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது தரப்பு வலுப்பெறும்: இளமையும் அழகும் உள்ள உடலோடு ஒரு பெண் தனியே நிற்பதைக் கற்பனை செய்யக்கூட நம் கதைகளுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் இரு தரப்புமே சேக்கிழாரின் கதையை வைத்துக்கொண்டுதான் வாதிடுகின்றன. அம்மையார் என்ன எழுதினார் என்று இன்னும் கேட்கவில்லை.

பாடல்களில் கணவன் இல்லை

அம்மையார் தேவார மூவருக்கும் முந்தியவர். 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவருக்கும் சேக்கிழாருக்கும் இடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள். 101 பாடல்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதி, 20 பாடல்கள் கொண்ட திருவிரட்டை மணிமாலை, பதினொன்று பதினொன்றாக இரண்டு திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை அவருடையவை. மொத்தம் 143 பாடல்கள். இவற்றில் மாம்பழம் இல்லை. பரமதத்தன் இல்லை. கைவிடப்பட்ட வேதனையும் இல்லை. திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரரும் அவரைப் 'பேயார்' என்று மட்டுமே சொல்லிப் போகிறார். பேய்க்கு 'ஆர்' விகுதி சேர்த்து மரியாதை கொடுத்த மொழி நம்முடையது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

புராணத்தின் வரிசை இப்படி: முதலில் மனைவி, பிறகு கைவிடப்பட்டவள், அதனால் பேய், அதனால் பக்தை. அந்தாதி தொடங்கும் வரிசை வேறு. பிறந்து பேசக் கற்ற நாள் முதலே அன்பு இருந்தது என்று முதல் பாடலிலேயே சொல்கிறார். என் துன்பத்தை எப்போது தீர்ப்பாய் என்றும் அதே பாடலில் கேட்கிறார். இரண்டாம் பாடல் அந்தக் கேள்விக்குத் தானே ஒரு பதில் வைத்திருக்கிறது: நீ துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி சொல்லாவிட்டாலும் என் அன்பு போகாது.

மேலோட்டமாகப் படித்தால் இது பணிவுபோலத் தோன்றும். கணவன் என்ன செய்தாலும் மாறாத மனைவியின் குரலையே கடவுளின் பக்கம் திருப்பிவிட்டதுபோலவும் தோன்றும். அந்த ஐயம் நியாயமானது. ஆனால் தொடர்ந்து படிக்கும்போது குரலின் நிமிர்வு வேறாக இருக்கிறது. ஏழாம் பாடலில் 'யானே' 'யானே' என்று தன்னைத்தானே சுட்டி, தவம் உடையவள் யானே, நல்ல நெஞ்சம் என் நெஞ்சமே என்ற பொருள்பட அடுக்குகிறார். ஏகாரம் போட்டுத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இந்த உரிமை புனிதவதிக்கு அந்த வீட்டில் இருந்திருந்தால் மாம்பழக் கதையே நடந்திருக்காது. இன்னோரிடத்தில், பிச்சைக்குப் போகிறாயே, அந்தப் பாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போ, பெண்கள் பயந்து பிச்சை போட வர மாட்டார்கள் என்று கடவுளுக்கே யோசனை சொல்கிறார். மற்றோரிடத்தில், நீ தீயைக் கையில் ஏந்தியதால் உன் கை சிவந்ததா, உன் கை பட்டதால் தீ சிவந்ததா என்று கேட்கிறார்.

மனைவியின் பணிவில் இந்தக் கிண்டலுக்கும் கேள்விக்கும் இடம் கிடையாது. கணவனின் ஒரு கேள்விக்கு நடுங்கியவள் புராணத்துப் புனிதவதி. கடவுளைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறவர் அந்தாதிக் கவிஞர். துன்பம் தீராது என்பதையும் ஒப்புக்கொண்டு, அதனால் வாயை மூடிக்கொள்ள மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பலம் இவருடையது. 'தாங்கிக்கிற சக்தி' இதில் எங்கும் கேட்கப்படவில்லை.

சுடுகாட்டில் ஒரு தாய்

மூத்த திருப்பதிகங்களுக்கு வந்தால், உடலை இழந்தாள் என்ற வாதமும் ஆட்டம் காண்கிறது. அங்கே வரும் பெண்பேய்க்கு உடல் நிறையவே இருக்கிறது. வற்றிய முலைகள், புடைத்த நரம்புகள், குழி விழுந்த கண்கள். ஒரு பேய் கொள்ளிக்கட்டையின் கரியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு வெடிச்சிரிப்புச் சிரிக்கிறது. அலங்காரத்தை அது விட்டுவிடவில்லை. யாருக்கும் அழகாகத் தெரிய வேண்டிய கட்டாயத்தை மட்டும் விட்டிருக்கிறது. இன்னொரு பேய் தாய். பிள்ளைக்குப் புழுதி துடைத்துப் பால் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறது. தாயைக் காணாத பிள்ளை அழுது அழுது தூங்குகிறது. அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பேய் வைத்த பெயர் காளி.

இங்கே இரண்டு பெயரிடல்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. புராணத்தில் ஒரு தந்தை, தான் அஞ்சி விட்டு வந்த மனைவியின் பெயரை மகளுக்கு இடுகிறான், பெயர் புனிதவதி. பாடலில் ஒரு தாய், சுடுகாட்டில், தன் மகளுக்குப் பெயரிடுகிறாள், பெயர் காளி. முதல் பெயர் பெண்ணைப் புனிதத்தில் கட்டிப்போடுகிறது. இரண்டாவது பெயரோடு ஒரு பெண் குழந்தை எப்படி வளர்ந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளும் வேலையை அம்மையார் நமக்கு விட்டிருக்கிறார்.

இந்தக் காட்டில் பலவீனம் மறைக்கப்படவில்லை. பசி இருக்கிறது, தளர்ச்சி இருக்கிறது, பாதியில் விட்டுப்போகும் தாய்மை இருக்கிறது. நல்ல தாயாக, நல்ல மனைவியாக இல்லாத எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்; அவர்கள் நடுவில்தான் கடவுள் ஆடுகிறார். தன் பாடல்களின் கடைசியில் கவிஞர் 'காரைக்காற் பேய்' என்று கையெழுத்திடும்போது இந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத் தன்னைச் சேர்த்துக்கொள்கிறார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பேய். கதை அவருக்குக் கொடுத்த பெயர் அம்மை. நாம் இன்று இரண்டாவது பெயரால்தான் அவரை அறிகிறோம்.

பேயைப் பாட்டியாக்கியவர்கள்

அந்தப் பெயர் மாற்றம் பிறகும் தொடர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பி ஆடவல்லானின் காலடியில் அவரை எலும்பும் நரம்புமாகவே செதுக்கினார்; சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அப்படியே. ஆனால் 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' திரைப்படத்தில் நாம் பார்ப்பது கே.பி. சுந்தராம்பாளை. 20 ஆண்டுகளுக்கு முன்பு, 1953இல், ஔவையாராக நடித்தவரும் அவரே. 1933இல் கணவர் கிட்டப்பா இறந்த பின் வெள்ளை உடுத்தி வாழ்ந்த அந்த மாபெரும் கலைஞரின் குரலில் கம்பீரம் இருந்தது. ஆனால் திரையில் பேய் இல்லை. நரைத்த, மதிப்புக்குரிய ஒரு பாட்டி இருந்தார். பயமுறுத்தும் பெண்ணைப் பயமுறுத்தாத கிழவியாக்கினால்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியும்.

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம் செய்துவைக்கிறார்கள். சுவாமி புறப்பாட்டின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். அதைப் பிடித்து உண்டால் குழந்தைப்பேறு கிட்டும் என்ற நம்பிக்கையோடு பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். திருமணத்தைக் கழற்றிப் போட்ட பெண்ணின் பெயரில் ஆண்டுதோறும் திருமணம். மாம்பழத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் போன பெண்ணின் பெயரில் மாம்பழப் பிரசாதம். மடியேந்தி நிற்கும் பெண்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீட்டில் என்னென்ன கேட்க நேர்ந்திருந்தால் ஒரு பெண் ஆனி வெயிலில் அந்தக் கூட்டத்தில் முண்டியடிப்பாள் என்று யோசித்தால் சிரிப்பு வராது. அங்கேயும் கடவுள் ஒரு வாக்கியத்தின் இடத்தில்தான் நிற்கிறார். "குறை என்னிடம் மட்டும்தானா?" என்ற வாக்கியம் அது.

கிராமத்துக் கோயில்களிலும் இதைப் பார்க்கலாம். சாதாரண நாளில் கணவன் பெயரைக்கூடச் சொல்லாத பெண், சாமி வந்தால் அவனை 'ஏண்டா' என்று அழைத்து அவன் செய்ததை ஊர் நடுவில் சொல்வாள். ஊர் கைகட்டிக் கேட்கும். சாமி மலையேறியதும் அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சமையலுக்குப் போவாள். அவள் சொன்னதைச் சாமி சொன்னதாக ஊர் வைத்துக்கொள்ளும்.

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கையில் இருந்தும் நிலை இதுதான். மற்றவர்கள் யாரிடம் பேசினார்கள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. பூஜை அலமாரியின் முன்னும், வேளாங்கண்ணியிலும், நாகூர் தர்காவிலும் கண்ணை மூடி நிற்கும் பெண்களின் உதடுகள் அசைவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு பேச்சு நடக்கிறது. அதைப் பேசவிடாத வீட்டை மறந்துவிட்டு, பேசுகிறவளை மட்டும் மூடநம்பிக்கைக்காரி என்பது பெண்ணியம் ஆகாது. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுவதை விடுதலை என்று கொண்டாடுவதும் ஆகாது.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் அம்மையாரைப் பெரும்பாலும் மாம்பழக் கதையிலிருந்தே தொடங்குகிறது. திருமுறை வரிசை நமக்கு வேறு வழி காட்டுகிறது: அவர் பாடல்கள் பதினோராம் திருமுறை, பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறை. அந்த வரிசையிலேயே படியுங்கள். முதலில் பேயின் குரலைக் கேட்டுவிட்டுப் பிறகு அம்மையின் கதைக்கு வாருங்கள். அப்போது, மாம்பழத்தைக் கேட்டுக் கணவன் உட்கார்ந்திருக்கும் அந்த நண்பகலில், அடுக்களையில் தனியே நிற்கும் பெண்ணை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

கடவுள்தான் எனக்குப் பலம் என்று ஒரு பெண் நம்மிடம் சொல்லும்போது, கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தை அன்றைக்கு ஒத்திவைக்கலாம். எங்களிடம் சொல்ல முடியாத எதை அவரிடம் சொன்னாய் என்று கேட்கலாம். அவள் சொன்னால், கேட்டுவிட்டு எழுந்து போய்விடாமல் இருக்க வேண்டியது நம் பொறுப்பு.